நூற்று எண்பத்தேழாம் அட்டை

ஒலிண்டா கணினித் திரையின்மேல் பட்டர் பேப்பரை ஒட்டி, மென்மையான பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். இடது கைக் கட்டைவிரல் தாளை அழுத்திப் பிடித்திருந்தது. அவளுடைய விரல் மூட்டுகள் வீங்கியவை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி கையை மூன்று தடவை விரித்து மூடுவாள். பிறகு மீண்டும் பென்சில். அடுப்பில் சூப் கொதித்தது. அதைக் கிளறுவது என் வேலை.

"மேவிஸ், கிளறினியா?"

"கிளறிட்டேன்."

"அடி பிடிச்சா சாசேஜ் கசந்துபோகும்."

"ஆறு வருஷமா உன் சூப்பக் குடிக்கிறேன். நீ சுறாவப் பாரு."

அக்டோபர் கடைசி வாரம். அமெரிக்காவின் கிழக்குக் கரை, கேப் காடில் கோடைக்கு வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கடற்கரையில் சுறாப் படம் போட்ட ஊதாக் கொடியைக் கூடக் கழற்றி மடித்து வைத்தாயிற்று. மறுநாள் காலை சுறா ஆராய்ச்சிக்காரன் கிரேடி வந்து அந்த வருடத்து அட்டைகளை எடுத்துக்கொண்டு போவான். அதனால்தான் அவசரம்.

வெள்ளைச் சுறாவுக்கு முதுகு சாம்பல், வயிறு வெள்ளை. இரண்டும் சந்திக்கும் எல்லை நேராக இருக்காது. செவுளுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு வரும். வயிற்றுத் துடுப்புக்கு மேலே ஒரு வெள்ளைத் தீவு நிற்கும். வாலடியில் கிழிந்த துணி ஓரம் போல இருக்கும். ஒன்றினுடைய எல்லை இன்னொன்றுக்கு வராது. கோடையில் கிரேடியின் படகு வாரத்துக்கு இரண்டு நாள் போகும். மேலே குட்டி விமானத்தில் ஒருவன் சுற்றிக்கொண்டே, மணல் திட்டுக்குப் பக்கத்தில் நிழல் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வான். படகின் மூக்கிலிருந்து நீட்டிய பலகையில் ஒருவன் நின்று, நீளக் கழியின் நுனியில் கட்டிய கேமராவைத் தண்ணீருக்குள் விடுவான். சுறா கடந்து போகும். அந்த இருபது முப்பது நொடிப் படங்கள்தான் ஒலிண்டாவின் சமையல் மேசைக்கு வரும். வந்தது பழையதா புதியதா என்று அவள் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சுறாவுக்கும் ஓர் அட்டை உண்டு. அதில் இடது பக்கக் கோடு, வலது பக்கக் கோடு, எண், பெயர்.

ஊர்க்கூட்டத்தில் யாராவது எழுந்து, "சரி, மொத்தம் எத்தனதான் இருக்கு?" என்று கேட்டால், கிரேடி சொல்லும் எண் இந்த மேசையிலிருந்து போனது.

ஒலிண்டா எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்ததில்லை. முப்பத்தொரு வருடம் கடலோர விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் இருந்தவள். நான்கு விடுதிகளின் படுக்கை விரிப்புகள் அங்கே ஒன்றாகக் குவியும். ஓரம் தைத்த விதத்தை வைத்தே எது எங்கே போக வேண்டும் என்று பிரித்துவிடுவாள். கறையைப் பார்த்து இது மட்டிச் சாறு, இது தக்காளி, இது மூக்கு ரத்தம் என்பாள். கடைசியாகச் சொன்னதில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. நர்ஸ் என்ற முறையில் அதை நான் மதிக்கிறேன்.

அவளைச் சுறா வேலைக்கு இழுத்துவிட்டவர் அவள் கணவர் அல்டன் குரோவெல். அல்டன் இளமையில் எறியீட்டியால் சூரை மீன் பிடித்தவர். ஓடும் மீனின் பக்கத்தில் படகைச் சத்தமில்லாமல் கொண்டுபோய் நிறுத்தத் தெரிந்த ஆட்கள் இந்தக் கரையில் ஐந்தாறு பேர்தான் மிச்சம். கடல்நாய்கள் பெருகி, அவற்றைத் தின்னச் சுறாக்களும் வரத் தொடங்கியதும் ஆராய்ச்சிக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

"நாப்பது வருஷம் குத்திக் கொல்லக் கத்துக்கிட்டேன். இப்ப தடவிக்குடுக்கச் சொல்றானுங்க" என்று கடைத்தெருவில் எல்லாரிடமும் புலம்புவார். ஆனால் ஒரு நாள்கூடத் தவறாமல் போவார்.

முதல் வருடம் கிரேடியிடம் இருந்த கணினி ஒரே சுறாவுக்கு மூன்று எண் கொடுத்தது. அல்டன் அதைப் பார்த்துவிட்டு, "என் பொண்டாட்டிகிட்டக் காட்டு. அடுத்த வீட்டுத் தலையணை உறையக் கண்டாக்கூட இன்னார் வீட்டுதுன்னு சொல்லுவா" என்றாராம். கிரேடி சிரித்தானாம். மறுநாள் படங்களை எடுத்துக்கொண்டு இந்த மேசைக்கு வந்துவிட்டான்.

அந்த நாட்களை ஒலிண்டா சொல்லச் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். மாலையில் அல்டன் உப்பு காய்ந்த முகத்தோடு வந்து, காலணியைக் கழற்றாமல் சமையலறைக்குள் நுழைவார். இவள் கத்துவாள். அவர் மேசையில் குனிந்து, "இன்னிக்கு யாரு வந்தா?" என்பார், விருந்தாளியைப் பற்றிக் கேட்பது போல. இவள் தாளைத் தூக்கிக் காட்டுவாள். புதிது என்றால் படகுக்காரர்கள் பெயர் வைக்கலாம். அதுதான் வழக்கம்.

நாற்பத்தொன்றாம் சுறாவுக்குப் பெயர் வைத்தவர் அல்டன். அன்று ஒலிண்டா கொடுத்தனுப்பிய ஃபிளாஸ்க்கைத் திறந்து கேல் கீரை சூப்பை மூடியில் ஊற்றப் போனாராம். அடியிலிருந்து எழும்பிய சுறா படகின் விலாவில் ஓர் இடி இடித்தது. சூப் முழுவதும் தளத்தில். அல்டன் பசி பொறுக்காதவர். "எஞ் சூப்பக் கொட்டின பய. இவன் பேரு சூப்பு. எழுதிக்கோ" என்றார். கிரேடி எழுதிக்கொண்டான். இன்றைக்கும் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. நூலகச் சுவரில் ஒட்டியிருக்கும் பெயர்ப் பட்டியலிலும் சூப் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் அதைப் படித்துச் சிரிக்காமல் போவதில்லை.

அந்தச் சூப்பு ஒரு கூச்சக்காரன். ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை வருவான். படகைக் கண்டால் எப்போதும் ஒரே பக்கமாக விலகி ஓடுவான். அதனால் அவன் அட்டையில் இடது பக்கக் கோடு மட்டும்தான் இருந்தது. வலது பக்கம் பத்து வருடமாக வெறும் தாள்.

ஒரு பக்கம் மட்டும் உள்ள அட்டை ஆபத்தானது. சுறாவின் இடதும் வலதும் ஒன்று போல இருக்காது. ஒரு வருடம் இடது பக்கத்தையும் இன்னொரு வருடம் வலது பக்கத்தையும் பார்த்தால், ஒரே சுறா இரண்டாகிவிடும். துடுப்பில் வெட்டோ கிழிசலோ இருந்தால் காட்டிக்கொடுக்கும். இல்லையென்றால் யாருக்கும் தெரியாது. முதல் அறுபது அட்டைகளில் இந்தக் கவனம் இல்லை. அப்போது யாருக்கும் இந்த வேலை சரியாகப் பிடிபடவில்லை. பிறகு ஒலிண்டாதான் விதி போட்டாள். இரண்டு பக்கமும் பார்க்காமல் எண் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் வந்தவை அடுப்புக்கு மேலே இருக்கும் பழைய ஷூ பெட்டிக்குள் காத்திருக்கும். ஒருமுறை கிரேடி அவசரப்பட்டுக் கேட்டபோது, "ஒத்தக் காலுறையப் பாத்து ஜோடின்னு எழுதச் சொல்றியா? போடா வெளிய" என்று துடைப்பத்தை எடுத்தாளாம்.

நான் அந்த வீட்டுக்குள் போனது அல்டனுக்குக் கணையத்தில் புற்று வந்த பிறகு. வீட்டோடு கவனிக்கும் நர்ஸ் வேலை. வாரத்துக்கு நான்கு நாள், கடைசியில் ஏழு நாளும். கட்டிலை முன்னறையில் தண்ணீர் தெரியும் ஜன்னலோரமாகப் போடச் சொன்னேன். வலிக்கு மருந்து கொடுத்துத் திருப்பிப் படுக்கவைத்தால், அவர் கேட்கும் முதல் கேள்வி சமையலறையைப் பார்த்துத்தான்.

"யாரு வந்தா?"

"எழுபத்தாறு. அந்தக் கிழவி."

"இன்னும் சாகலையா அவ?"

"உன்னைவிடத் திடமா இருக்கா மனுஷா. பேசாமப் படு."

அவர் சிரிப்பார். சிரித்தால் வலிக்கும். அதனால் நான் ஒலிண்டாவை முறைப்பேன். அவள் என்னை முறைப்பாள். அந்த ஜூலை மாதம் முழுக்க எங்கள் நட்பு அப்படித்தான் வளர்ந்தது.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் அவர் இறந்தார். அதே வாரம் படகுக்கு ஒரு சுறா கிடைத்தது. பதினோரு நொடி, வலது பக்கம் மட்டும், துடுப்பு புதுத் தட்டு போல வழவழப்பு. ஒலிண்டா அதைப் பெட்டியில் போட்டாள். அடக்கம் முடிந்து நான்காம் நாள் கட்டிலைத் திரும்ப எடுத்துப்போக ஆட்களோடு நான் போனேன். அவள் மேசையில் உட்கார்ந்து புது அட்டை ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தாள். எண் நூற்று எண்பத்தேழு. பெயர் அல்டன். அட்டையில் ஒரே ஒரு கோடு இருந்ததை நான் பார்த்தேன்.  கட்டில் வாசலில் இடிக்காமல் போகிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

அவளுடைய வேலையை யாரும் சரிபார்ப்பதில்லை. அவ்வளவு நம்பிக்கை. அடுத்த கோடையில் நூலகச் சுவரில் அல்டன் ஏறினார். ரொட்டி வாங்கப் போகும்போது அவள் அந்தப் பட்டியலருகே ஒரு நொடி நிற்பாள். தொடமாட்டாள். காகிதத்தின் மூலை பிய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள்.

அந்தச் சுறா பிறகு வரவே இல்லை. ஆறு கோடையும் படங்கள் வந்ததும் அவள் முதலில் செய்வது, வலது பக்கம் தெரிந்த எல்லாவற்றையும் நூற்று எண்பத்தேழோடு ஒப்பிடுவது. "வரல" என்று சொல்லிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குவாள். தெற்கே எங்கோ வலையில் சிக்கியிருக்கலாம் என்று கிரேடி ஒருமுறை சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அன்று மதியம் அவள் உற்சாகமாக இருந்ததற்குக் காரணம் சூப்பு. கடைசிப் படகு கொண்டுவந்த படத்தில் அவன் இருந்தான். இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு வந்து, படகுக்கு அடியில் புகுந்து, மறுபுறம் எழுந்து, தன் வாழ்நாளில் முதல்முறையாக வலது பக்கத்தையும் காட்டிவிட்டுப் போயிருந்தான். இடது பக்கத்தைச் சரிபார்த்தாயிற்று, சந்தேகமே இல்லை, நாற்பத்தொன்று. பத்து வருடம் காலியாகக் கிடந்த இடத்துக்குத்தான் இப்போது கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

செவுளை முடித்தாள். வயிற்றுத் துடுப்புக்கு மேலே வந்தாள். பென்சில் வேகம் குறைந்தது. பிறகு திரையைப் பார்க்காமலே கை தானாக ஒரு வளைவைப் போட்டது. அங்கே நின்றது.

"சூப்ப எறக்கி வை" என்றாள்.

"இன்னும் உருளக்கிழங்கு வேகல."

"எறக்கி வை மேவிஸ்."

இறக்கினேன். அவள் எழுந்து அலமாரியைத் திறந்து, தேடாமல் ஓர் அட்டையை உருவினாள். அதிலிருந்த தாளின்மேல் புதுத் தாளை வைத்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தாள். வெளிச்சம் இரண்டையும் ஊடுருவியது.

"இங்க வா. கண்ணாடியப் போட்டுக்கோ. எத்தன தாளு?"

"ரெண்டு."

"எத்தன கோடு?"

நான் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன்.

"ஒண்ணு" என்றேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பழக்கத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். தட்டிவிட்டாள்.

"நாடி நல்லாத்தான் ஓடுது. விடு. சூப்பும் அல்டனும் ஒரே ஆளு. அவ்வளவுதான்."

ஒன்றாகிவிட்டால் முதலில் வந்த எண்ணும் பெயரும்தான் நிற்கும். பின்னால் வந்தது அடிபடும். இதுவும் அவர்களுடைய வழக்கம். அப்படியென்றால் நாற்பத்தொன்று இருக்கும், சூப் இருக்கும். நூற்று எண்பத்தேழும் அல்டனும் பதிவேட்டிலிருந்தும் நூலகச் சுவரிலிருந்தும் போக வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிரேடி வருவான். இந்த உலகத்தில் இதைத் தெரிந்தவர்கள் அந்த அறையில் இருந்த இருவர்தான்.

நான் காரியத்தைப் பேசினேன். "வலது பக்கத்தப் பெட்டியில போட்டு வை. படம் தெளிவா இல்லன்னு சொல்லு. யாரு பாக்கப்போறா?"

"நீ அன்னிக்கே பாத்தியே."

"எத?"

"நடிக்காத. கட்டிலத் தூக்க வந்த அன்னிக்கு. அட்டையில ஒத்தக் கோடுதான் இருந்துச்சு. நீ பாத்தத நான் பாத்தேன்."

"பாத்தேன்."

"ஏன் சொல்லல? நீதான் எல்லாத்துக்கும் வாயத் தொறப்பியே."

"நாலு நாளா நீ காப்பியத் தவிர எதையும் தொடல. அந்த அட்டைய எழுதி முடிச்சப்புறந்தான் ரெண்டு முட்ட தின்ன. நான் நர்ஸு. எனக்கு முட்டதான் முக்கியம்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்து முடிந்ததும் மூக்கைச் சமையல் துண்டில் துடைத்துக்கொண்டாள். அந்தத் துண்டைத் துவைக்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

"ஊரு பூரா ஆறு வருஷமா ஒண்ணு அதிகமாச் சொல்லிட்டிருக்கு" என்றாள். "என்னால."

"ஒண்ணுதானே."

"ஒண்ணுதான். ஒரு காலுறையும் ஒண்ணுதான்."

பிறகு விரல்களை விரித்து மூடினாள், எண்ணாமல். ஜன்னலுக்கு வெளியே வளைகுடா ஈயம் போலக் கிடந்தது. அல்டனின் பழைய ஈட்டிக் கழி தோட்டக் கொட்டகையின் சுவரில் இன்னும் கிடக்கிறது. பட்டாணிக் கொடி அதில் காய்ந்து தொங்கியது.

"ஒவ்வொரு வருஷமும் வரல வரலன்னு சொன்னேன்ல" என்றாள். "வந்துட்டுத்தான் இருந்திருக்கான். போன தடவ அவன் வந்தப்பக்கூட நாந்தான், 'ஏ சூப்பு, வந்துட்டியா'ன்னு சொல்லி அட்டைய மூடிட்டு, அடுத்த நிமிஷம் அல்டனத் தேட ஆரம்பிச்சேன்."

 சூப்பை மறுபடியும் அடுப்பில் ஏற்றினேன். உருளைக்கிழங்கு வேகவில்லை என்பது உண்மை.

கிளம்பும்போது, "நாளைக்கு என்ன செய்யப்போற?" என்று கேட்டேன்.

"தெரியல. ஏழு மணிக்கு முன்னால வந்துடு."

"எதுக்கு?"

"நான் பொய் சொன்னா உன் மூஞ்சியப் பாத்தே கிரேடி கண்டுபுடிச்சிருவான். அதுக்கு."

இரண்டு அட்டைகளும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஷூ பெட்டி அடுப்புக்கு மேலேயே இருந்தது, மூடி திறந்தபடி.

மறுநாள் ஏழுக்குக் கால் மணி இருக்கும்போது போனேன். அவள் குளித்துத் தலை வாரியிருந்தாள். சூப் சூடாகிக்கொண்டிருந்தது. ஷூ பெட்டி மூடியிருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

கிரேடி காலணியை வாசலிலேயே கழற்றினான். அந்த வீட்டில் எல்லாருக்கும் பயிற்சி உண்டு. தாடியில் பனி ஈரம். அன்று கடலுக்குள் போட்டிருந்த மிதவைகளைத் தூக்கப் போகிறான். சத்தம் விடும் பொறி கட்டிய சுறாக்கள் கடந்தால் கேட்டுக் குறித்துக்கொள்ளும் கருவிகள் அவற்றில் தொங்கும். குளிர்காலப் புயலுக்கு முன் எடுத்துவிட வேண்டும்.

"எத்தன புதுசு ஒலிண்டா?" என்றான்.

"பதினாலு. ஆனா மொத்தத்துல ஒண்ணக் கழிச்சுக்கோ. நூத்தி எண்பத்தேழுன்னு ஒருத்தன் கெடையாது."

அவன் குனிந்து எண்ணிப் பார்ப்பது போலப் பாசாங்கு செய்தான். எந்த எண் என்று அவனுக்கு உடனே தெரிந்திருந்தது. அவள் இரண்டு தாள்களையும் நீட்டினாள். ஜன்னலருகே போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.  திரும்பியபோது குரலைத் தணித்துக்கொண்டான்.

"நீங்க ஒரு பக்கத்த மட்டும் பாத்தா எழுதினீங்க?"

"ஆமா. துடைப்பம் கதவுக்குப் பின்னால இருக்கு, எடுத்து என்னை அடி."

அவன் அடிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இப்படிச் செய்வோம். எண்ணு நாப்பத்தொண்ணாவே இருக்கட்டும். பேர மட்டும் அல்டன்னு மாத்திடலாம். சூப்பு என்ன பெரிய பேரா? யாரும் கேக்க மாட்டாங்க. நூலகத்துல நானே ஒட்டிட்டு வர்றேன்."

நல்ல பையன். மனதாரத்தான் சொன்னான். நான்கூடத் தலையசைத்தேன்.

"சூப்புன்னு பேரு வெச்சது யாரு?" என்றாள் ஒலிண்டா.

"அவருதான்."

"அவரு வெச்ச பேர அழிச்சிட்டு அங்க அவரு பேர எழுதுவியா? உசுரோட இருந்திருந்தா உன்னப் பலகையிலேர்ந்து தண்ணிக்குள்ள தள்ளியிருப்பாரு."

கிரேடி தாடிக்குள் சிரித்தான். "தள்ளியிருப்பாரு. ஒருதடவ தள்ளியும் இருக்காரு."

"அப்ப சூப்புதான்."

அவள் நாற்பத்தொன்றாம் அட்டையை எடுத்து, வலது பக்கக் கோட்டுத் தாளைக் காலி இடத்தில் ஒட்டினாள். நூற்று எண்பத்தேழாம் அட்டையில் பெயரின்மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு கிழித்தாள். அடிபட்ட எண்ணை வேறு சுறாவுக்குக் கொடுப்பதில்லை. பதிவேட்டில் நூற்று எண்பத்தாறுக்கு அடுத்தது இனி நூற்று எண்பத்தெட்டு. அட்டையைத் திருப்பி, பின்புறத்தில் பேனாவால் எழுதினாள்: 'ஒரு பக்கம் மட்டும் பார்த்துப் பதிந்தேன். தவறு என்னுடையது. ஒலிண்டா குரோவெல்.' தேதி போட்டாள். மை காயும்வரை ஊதிவிட்டு அவனிடம் கொடுத்தாள்.

பிறகு ஃபிளாஸ்க்கைக் கழுவி, சூப்பை விளிம்புவரை ஊற்றினாள். கீரை வெளியே தொங்காமல் கரண்டியால் தள்ளினாள். மூடியைத் திருகப் பார்த்தாள், விரல்கள் ஒத்துழைக்கவில்லை. என் பக்கம் நீட்டினாள்.

"நல்லா இறுக்கு மேவிஸ். கடல்ல அவன் திரியிறான்."

இறுக்கிக் கிரேடியிடம் கொடுத்தேன்.